வெறுங்காற்றின் பாடு

கொசுவைக் கவரும் ரசாயனங்களைச் சோதிப்பதே என் தொழில் என்றவுடன், எந்த மருந்துக்கு அது மயங்கும் என்று ஆவலோடு வினவுகிறார்களேயொழிய, அம்மருந்துக்கு எதிரில் வைக்கப்படும் வெறுங்காற்றைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. சோதனைச்சாலையில் எங்கள் பொழுதின் பெரும்பகுதியை விழுங்குவதோ அந்த வெறுங்காற்றுதான்.

கவையாகப் பிரிந்த கண்ணாடிக் குழாயின் ஒரு கிளையில் ரசாயன ஆவி கலந்த காற்றையும், மற்றதில் அதே ஈரமும் அதே உஷ்ணமும் கொண்ட சுத்தமான காற்றையும் மெல்லச் செலுத்தி, ரத்தம் பருகியறியாத, சில மணி நேரமாகச் சர்க்கரை நீரும் மறுக்கப்பட்ட பெண் கொசுக்களை அடிமுனையில் திறந்துவிட்டு, எந்தக் கிளையில் எத்தனை புகுந்தன என்று எண்ணுவதே இத்தொழிலின் வெளித்தோற்றம். (ஆண் கொசு பூந்தேனோடு திருப்தியடைந்துவிடும் சாது, அதற்கு இங்கே வேலையில்லை.) ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் சற்றே அதிகமாக விழுந்தாலும் மருந்தின் பெருமை சந்தேகத்துக்கு உரியதாகிவிடுமாதலால், மருந்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைக்கிறோம். இரு கிளைகளிலும் வெறுங்காற்றே ஓடும்போது கொசுக்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தாலன்றிச் சோதனையைத் தொடங்குவதில்லை.

எல்லாவற்றினும் பெரிய இடையூறு சோதிப்பவனுடைய தேகமே. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு நூற்றுக்கு 4 பங்கு. வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம் ஏடிஸ் கொசுவைக் கவருவதை 1968-லேயே கண்டறிந்துவிட்டார்கள். விரல் பட்ட கண்ணாடியே ஒரு மனிதனாகிவிடும் என்பதால் கையுறையின்றி எதையும் தொடுவதில்லை. வாசனைச் சோப்புக்கும் தலைத் தைலத்துக்கும் சோதனை நாட்களில் விலக்கு.

லாக்டிக் அமிலம் தனித்து நின்றால் அதன் வசியம் சொற்பம். கரியமில வாயுவோ அம்மோனியாவோ சேர்ந்தால்தான் அதற்குப் பலம் வருகிறது. அளவிலும் சூட்சுமம் உண்டு. சொற்ப அளவில் அழைக்கும் பொருளே மிகுந்தால் விரட்டுவதும் உண்டாகையால், ஒரே ரசாயனத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஜாதிக்கு ஜாதி ருசியும் வேறு. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் காம்பியே பெரும்பாலும் பாதங்களைத் தேடிக் கடிப்பதைக் கவனித்த நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள், கால் நாற்றத்தையொத்த வாடை வீசும் லிம்பர்கர் பாலாடைக்கட்டியை வைத்துப் பார்க்க, அக்கொசு அதையும் நாடி வந்தது. நாற்றத்துக்கு இருவிடத்தும் காரணமான பாக்டீரியாக்கள் நெருங்கிய உறவினர். இதைக் கேட்டு உலகம் சிரித்து, 2006-ல் வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்கென்று ஏற்பட்ட இக் நோபல் பரிசையும் அளித்தது. நான் சிரிக்கமாட்டேன், கொசு எங்கே கடிக்கிறது என்று பார்த்துவிட்டு ரசாயனத்தைத் தேடியதே உத்தமமான முறை.

ஆயினும் குழாய்க்குள் கிட்டும் ஜெயம் முழு ஜெயமன்று. அங்கே போட்டி வெறுங்காற்றோடு. ஊரிலோ உறங்கும் மனிதனோடு. தான்சானியாவில் செய்து 2010-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், கொசுவைக் கவரும் ஒரு செயற்கை ரசாயனக் கலவையையும் மனிதரையும் 10 முதல் 100 மீட்டர் இடைவெளியில் வெவ்வேறு குடிசைகளில் வைத்தபோது, கலவையிடம் மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகமான கொசுக்கள் வந்தன. ஒரே குடிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதோ அந்த மேன்மை மறைந்தது. ஆகையால், கொசுவை ஈர்க்கும் என்று அச்சிட்ட புட்டியைக் கடையில் கண்டால், எந்த ஜாதிக் கொசுவை, எத்தனை தூரத்தில், எதற்கு எதிரில் வைத்துச் சோதித்தார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.