கறுப்புத் திரையும் காணாமப் போற புள்ளியும்

மைஎஸ்க்யூஎல்னு சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகத்துக்கு வர்றது பிஹெச்பிமைஅட்மின்தான். தப்பே இல்லீங்க. 1998-லேர்ந்து இருக்கிற சமாச்சாரம் அது. காலேஜ் லேப்ல நான் டேபிள்னு ஒண்ணை முதல்ல பார்த்ததே அதுலதான். இடது பக்கம் டேட்டாபேஸ் பேரு, வலது பக்கம் வரிசையா ரெக்கார்டு, மாத்தணும்னா பென்சில் படத்தை அமுக்கு. முடிஞ்சுது ஜோலி. கறுப்புத் திரையில படபடன்னு கமாண்டு அடிக்கிற சீனியர்களுக்கு நாங்க வெச்ச பேரு 'பந்தா பார்ட்டி'.

இப்ப நானும் அந்தக் கட்சியில சேர்ந்தாச்சு. வேகமா வேலை நடக்கும்னு பலபேர் காரணம் சொல்வாங்க. எனக்கு அது பெருசில்லை. நமக்கும் டேட்டாவுக்கும் நடுவுல யாரு நின்னு என்ன பண்றாங்கங்கறதுதான் விஷயம்.

நண்பனோட அப்பா ரிட்டயர்டு வாத்தியார். 2009-லேர்ந்து அவங்க ஊர்க் கதை, கோயில் வழக்கம், வயசானவங்க சொன்ன சொலவடைன்னு தன் தளத்துல தட்டித் தட்டி சேர்த்து வெச்சிருந்தார். கையெழுத்துப் பிரதி எதுவும் கிடையாது. இப்போ கண் பார்வை மங்கிப் போய், மறுபடி தட்ட வழியே இல்லை. தளத்தை வேற சர்வருக்கு மாத்தினதும் அத்தனை தமிழும் போச்சு. எங்க பார்த்தாலும் தலையில கோடு வெச்ச சின்ன 'ஏ', பக்கத்துல வட்டத்துக்குள்ள ஒரு 'ஆர்'. பழைய சர்வர் கணக்கு முடிய நாலே நாள்.

ஏன் இப்படி? மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பு (2018) வர்ற வரைக்கும், நாம எதுவும் சொல்லாட்டி எழுத்துரு முறை லத்தீன்1-தான். தமிழோ யூடிஎஃப்-8. அதுல 'க'வுக்கு 3 பைட்டு, புள்ளிக்கு தனியா இன்னொரு 3 பைட்டு. ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்துன்னு நினைச்சு வாங்கி வெச்சுக்கிச்சு டேட்டாபேஸ். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே நினைப்புலயே கொடுத்ததால பிரவுசர்ல தமிழ் ஒழுங்கா தெரிஞ்சுது. கள்ளச் சாவி போட்டுப் பூட்டி, கள்ளச் சாவி போட்டே திறந்துக்கிட்டிருந்த கதை. புது சர்வர்ல சாவி மாறிடுச்சு, அவ்ளோதான்.

பிஹெச்பிமைஅட்மின்ல எக்ஸ்போர்ட் பண்ணினா? அது யூடிஎஃப்-8-ல பேசுற நல்ல பிள்ளை. லத்தீன் எழுத்துன்னு நம்பி ஒவ்வொண்ணையும் அழகா மொழிமாத்திக் கொடுக்கும். 3 பைட்டு எழுத்து 6, 7 பைட்டா வீங்கிடும். ஃபைலை ஏத்தலாம்னா பிஹெச்பி தானா அனுமதிக்கிற அளவு 2 எம்பி. இவரோட ஃபைல் 38 எம்பி.

"திரையில தெரியறதை அப்படியே காப்பி பண்ணி, ஒரு கன்வர்ட்டர்ல போட்டுடலாமே"ன்னான் நண்பன். அங்கதான் ஆபத்து. தமிழ்ப் புள்ளியோட கடைசி பைட்டு 8டி. லத்தீன் பக்கம் அதுக்கு உருவமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கன்ட்ரோல் எழுத்து. 'ஏ'வுக்கும் 'ஐ'க்கும் இதே தலைவிதி (8எஃப், 90). காப்பி, பேஸ்ட் பண்ற வழியில இதெல்லாம் உதிர்ந்து போகலாம். புள்ளி இல்லாத தமிழை நினைச்சுப் பாருங்க. 'பட்டம்' எல்லாம் 'படடம'.

கறுப்புத் திரையில? எஸ்எஸ்ஹெச் வழியா பழைய சர்வருக்குள்ள போய், மைஎஸ்க்யூஎல்டம்ப் கமாண்டுகிட்ட "நானும் லத்தீன்1-தாம்பா, எதையும் மாத்தாதே"ன்னு பொய் சொல்லணும். டிஃபால்ட்-கேரக்டர்-செட்டுன்னு ஒரு ஆப்ஷன். கூடவே ஸ்கிப்-செட்-சார்செட். பைட்டு பைட்டா, புள்ளி உட்பட, அப்படியே வெளியே வந்துடும். ஃபைலைத் திறந்தா சுத்தமான தமிழ்! அப்புறம் டேபிள் விவரத்துல மட்டும் லத்தீன்1-ங்கறதை யூடிஎஃப்8எம்பி4-ன்னு செட் கமாண்டால மாத்தி... அடச்சே, 'செட்' இல்லீங்க, 'செட்டு'க்கு 'டி' போட்ட ஸெட்-எடிட்டர், 'ஸெட்'. (தமிழ்ல எழுதினா இந்தக் குழப்பம் வேற.) புது சர்வர்ல ஏத்தும்போது இந்தத் தடவை உண்மையைச் சொல்லி ஏத்தினோம். 38 எம்பிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை.

பெரியவருக்கு ஃபோன்லயே ஒரு கதையைப் படிச்சுக் காட்டினான் பையன். "நடுவுல ஒரு வரியை விட்டுட்டே"ன்னு அவர் திருத்தினார். இருந்துச்சு அந்த வரி, இவன்தான் தாண்டிட்டான்.

கறுப்புத் திரையில பயம் இல்லாம இல்லை. 'நிஜமாவே அழிக்கவா?'ன்னு பிஹெச்பிமைஅட்மின் ஒரு தடவை கேட்கும். இங்க எண்டர் தட்டினா போயே போச்சு. 'வேர்' போடாத டிலீட் மொத்த டேபிளையும் வழிச்சுத் துடைச்சுடும். அதைத் தடுக்க சேஃப்-அப்டேட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுக்கே மைஎஸ்க்யூஎல்காரங்க வெச்ச இன்னொரு பேரு 'ஐ-ஆம்-எ-டம்மி'. 'நான் ஒரு மக்கு'ன்னு நாமளே தட்டி ஒத்துக்கணும். என் பொட்டியில அது எப்பவும் ஆன்லதான் இருக்கு.