ஊருக்குப் போகிறோம்

"ஊருக்குப் போகிறோம்" என்று அப்பா சொன்னபோது எனக்குப் பத்து வயது. ரங்கூனில் பிறந்து, ரங்கூனைத் தவிர வேறு எந்த ஊரையும் கண்ணால் பாராத எனக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. இருக்கிற இடந்தானே ஊர்? அதைவிட்டு எந்த ஊருக்குப் போவது?

1962-ல் பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். 1964-ல் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. முகல் தெருவை அடுத்த சந்தில் இருந்த எங்கள் மளிகைக் கடையும் அதோடு போயிற்று. அதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். அவர் இடுப்பை ஒடித்தது அந்த வருஷம் மே மாதம் 17-ஆம் தேதிதான். ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஊரில் வீடு கட்டுவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நூறு கியாட் நோட்டு. சில்லறையாக வைத்தால் செலவாகிவிடுமாம்!

மூட்டை கட்டுவது என்று சொல்லிவிடலாம். எதைக் கட்டுவது என்பதில் அல்லவா சண்டை! நகையும் பணமும் துறைமுகத்தைத் தாண்டாது என்று தெருவெல்லாம் பேச்சு. கழுத்துத் தாலியைக் கழற்றி எங்கேயோ கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றாள் அம்மா. அதற்காக அழாதவள், அப்பா பித்தளை அண்டாவைப் பெட்டியருகில் இழுத்து வைத்ததும் அம்மியைக் காட்டினாள்.

"அண்டா கிடக்கட்டும். இதைக் கட்டுங்க."

"உனக்கென்ன கிறுக்கா? தேவகோட்டைப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்?"

"எங்க அய்யா கொடுத்த சீருங்க இது."

1950-ல் கல்யாணமாகி அவள் கப்பலேறியபோது கூடவே வந்த அம்மி அது. அப்பா தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. அசையாச் சொத்து என்று எங்களுக்கு அப்போது மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். அம்மா பிறகு அம்மியைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டு பர்மாக்காரம்மாவைக் கூப்பிட்டாள். மிளகாயும் சீரகமும் வைத்து, அந்தம்மாள் கையைப் பிடித்துக் குழவியை இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பர்மிய மொழி, நிறையச் சிரிப்பு. அன்று சிரிப்பு குறைவுதான். அந்தம்மாளின் இரண்டு பிள்ளைகள் அம்மியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அந்தம்மாள் தன் வட்டக் கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். தனக்காக் கட்டையைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்வார்களே, அதற்கான கல். அண்டா நின்றது, வட்டக் கல் பெட்டியில் ஏறியது. அப்பா வாயைத் திறக்கவில்லை.

துறைமுகத்தில் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். சேலைகளை உதறினார்கள். வட்டக் கல்லை ஒருவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். உள்ளே தங்கம் இருக்குமோ என்ற சந்தேகம் போலும். பிறகு என்ன நினைத்தானோ, தானே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். கப்பல் ஆற்றில் இறங்கியதும் ஷ்வேடகான் கோபுரம் தெரிகிறவரை தங்கை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ரங்கூன் பையன்கள் எங்களைக் 'கலா' என்பார்கள். இந்தியாக்காரன் என்று அர்த்தம். ஊரிலோ முதல் நாளே 'பர்மாக்காரப் பிள்ளைகள்' ஆகிவிட்டோம். அப்பத்தா வட்டக் கல்லைப் பார்த்து மகிழ்ந்து, சாமிக்குச் சந்தனம் அரைக்க எடுத்துக்கொண்டாள். அம்மா தடுக்கவில்லை. ஆனால் அப்பத்தாவின் அம்மியில் அரைக்கும்போதெல்லாம், "குழவி கைக்கு வரலை" என்று முணுமுணுப்பாள்.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் பிழைக்கச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் ஏற்பட்டு, சில வருஷங்கள் கழித்து நான் அங்கே போயிருந்தேன். கடைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வரவழைத்த தனக்காக் கட்டையைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். சந்தனம் படிந்த வட்டக் கல்லைக் கழுவிக் கொஞ்சம் அரைத்தாள். கன்னத்தில் பூசிக்கொள்ளவில்லை. விரலை மூக்கருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"அந்தம்மா மிளகாய் அரைச்சதும் அம்மியைக் கழுவி வைக்கிறாளோ என்னவோ," என்றாள்.