66-ஐ 133 ஆக்கின கதை

எங்க வீட்டு 486 கம்ப்யூட்டர் என்னை விட ரெண்டு வயசு மூத்தது. 1995-ல அப்பா செங்கல்பட்டுல டைப்பிங் கடை வச்சப்ப வாங்கினது. மாமல்லபுரம் சிற்பப் பட்டறைக்காரங்க வெளிநாட்டுக்கு அனுப்புற லெட்டர் எல்லாம் இதுலதான் அடிச்சுக் கொடுப்பார். கடையை மூடிட்டு கடற்கரைப் பக்கம் குடி வந்தப்பவும், பழைய வேட்டியைப் போத்திக்கிட்டு இதுவும் கூடவே வந்துடுச்சு.

போன தடவை லீவுல போனப்ப இதோட வேகத்தைக் கூட்டிப் பார்க்க ஆசை. (லீவுலயும் கம்ப்யூட்டரான்னு அம்மா கேட்டாங்க. "இது ஹார்டுவேர்மா, வேற டிபார்ட்மென்ட்"னு சமாளிச்சேன் ஹி ஹி.) உள்ள இருந்தது இன்டெல் 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ். அதே சாக்கெட்டுல உட்கார்ற ஏஎம்டி 5எக்ஸ்86 சிப் 133 மெகாஹெர்ட்ஸ். 1995-லயே வந்தது. தேடிப் பிடிச்சு ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன்.

மூடியைக் கழட்டினா பகீர்னு ஆயிடுச்சு. போர்டுல இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகி, சுத்தி பச்சையா பூத்திருக்கு. போதாக்குறைக்கு உப்புக்காத்து வேற. அப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் சொல்லல. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல. பேட்டரியை வெட்டி எடுத்துட்டு, கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைச்சுக் காய வச்சேன். நல்லவேளை, செம்புக் கோடு எதுவும் அறுந்து போகல.

அடுத்து ஜம்பர். போர்டோட வேகம் 33. டிஎக்ஸ்2 அதை ரெண்டால பெருக்கி 66 ஆக்கும். புது சிப்புக்கும் ஜம்பரை 2 மடங்குல வச்சா போதும், அது அதை 4 மடங்குன்னு எடுத்துக்கும். இதெல்லாம் மனப்பாடமா தெரியும்ங்கிற மிதப்புல சுவிட்சுல கையை வச்சுட்டேன்.

"டேய், வோல்டேஜ் பாத்தியா?"

அப்பா கையில 1995-ல போர்டோட வந்த மேனுவல்! பழைய சிப்புக்கு 5 வோல்ட், புதுசுக்கு 3.45. நான் மாத்தவே இல்ல. போட்டிருந்தா சிப் கருகியிருக்கும். என்ஜினியரிங் படிச்சவன் நான், மேனுவல் படிச்சவர் அவர்.

மாத்திட்டுப் போட்டதும் உசுரு வந்துடுச்சு. திக்கித் திக்கி ஓடின டூம் விளையாட்டு இப்ப சரளமா ஓடுது. பெருமையா அப்பாவை உட்கார வச்சேன். வேர்டுஸ்டாரைத் திறந்து, பழைய லெட்டர் ஒண்ணை எடுத்துப் பார்த்துட்டு, "அப்பிடியேதானடா இருக்கு"ன்னார்.

அவர் சொன்னது சரிதான். சிப்புக்குள்ளதான் 133. வெளியில போர்டு அதே 33, ஹார்டு டிஸ்க்கும் அதே பழசு. கணக்கு நிறைய போடுற விளையாட்டுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஃபைல் திறக்க அதே நேரம்தான் ஆகும்.

கேபினெட் முகப்புல இன்னும் 66-ன்னு பச்சை எழுத்து எரிஞ்சுக்கிட்டு இருந்தது. அது வேகத்தை அளந்து காட்டுறது இல்ல, பின்னாடி ஜம்பர்ல என்ன எண் வைக்கிறோமோ அதைக் காட்டும், அவ்வளவுதான். 133-ன்னு மாத்தலாம்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அது இருக்கட்டும் விடுடா"ன்னார் அப்பா. விட்டுட்டேன்.

மக்களே, வீட்டுல பழைய 486 தூங்குதுன்னா வேகத்தை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்தப் பேட்டரியைக் கழட்டுங்க. அப்புறம் மேனுவலைத் தேடுங்க.