கோச் மாறினார்... கோபம் மாறவில்லை! - கொச்சி கலூர் ஸ்டேடியத்தின் மஞ்சள் கதை

கோவையில் காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு எர்ணாகுளம் போய்விடலாம். டவுன் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். 'நார்த்' என்று சொன்னால்தான் அங்கே ஆட்டோக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் டவுன் ஹால் மெட்ரோ. அங்கிருந்து ஆலுவா பக்கம் போகும் ரயிலில் ஏறினால் முதலில் கலூர், அடுத்தது ஜே.எல்.என். ஸ்டேடியம். பத்து நிமிடம்கூட ஆகாது.

மற்ற நாள்களில் அந்த மெட்ரோவில் ஆபீஸ் பைகளும் காலேஜ் பைகளும்தான். கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு மேட்ச் இருக்கும் நாளில் பெட்டி முழுக்க மஞ்சள். மஞ்சள் ஜெர்சி போட்ட அப்பா, அவர் தோளில் மஞ்சள் ஜெர்சி போட்ட குழந்தை, பக்கத்தில் மலப்புரத்திலிருந்தோ வயநாட்டிலிருந்தோ விடியலில் கிளம்பி வந்த நண்பர்கள் கும்பல். ராத்திரி இவர்கள் வீடு திரும்ப வேண்டுமே என்பதற்காக, மேட்ச் நாளில் கொச்சி மெட்ரோ வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஓடுவது உண்டு.

கலூருக்குக் கூட்டம் புதிதல்ல. செவ்வாய்க்கிழமைதோறும் அங்குள்ள புனித அந்தோணியார் ஆலய நவநாளுக்கு எல்லா மதத்தவரும் வந்து குவிவார்கள். அங்கிருந்து ஒரே ஒரு மெட்ரோ ஸ்டாப் தள்ளி நிற்கிறது இன்னொரு பிரார்த்தனைக் கூடம். என்ன, இங்கே 2014-லிருந்து வேண்டிக்கொண்டே இருக்கிறார்கள். கோப்பைதான் இன்னும் வந்தபாடில்லை.

ஜவஹர்லால் நேரு சர்வதேச ஸ்டேடியம் 1996-ல் கட்டப்பட்டது. ஜி.சி.டி.ஏ. எனப்படும் கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. பகலில் போய்ப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. வட்டமான கான்கிரீட் கட்டடம், கேலரிக்கு அடியில் வளையமாகக் கடைகள். இந்த மைதானத்தில்தான் சச்சின் டெண்டுல்கர் பந்துவீசி ஐந்து விக்கெட் எடுத்தார். 1998-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு தடவை, 2005-ல் பாகிஸ்தானுக்கு எதிராக இன்னொரு தடவை. ஒருநாள் போட்டிகளில் அவர் ஐந்து விக்கெட் எடுத்தது மொத்தமே இரண்டு முறை, இரண்டும் இங்கேதான். அந்த ராசியோ என்னவோ, 2014-ல் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் தொடங்கியபோது கொச்சி அணியின் உரிமையாளர்களில் ஒருவராக அவரே வந்தார். 2018-ல் பங்கை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

ரசிகர்களால் அப்படி விற்றுவிட்டுப் போக முடியாது!

அணியின் சின்னம் யானை. அதனால் செல்லப் பெயர் 'கொம்பன்மார்'. ரசிகர் படைக்குப் பெயர் 'மஞ்ஞப்பட'. மஞ்சள் படை என்று நமக்கே புரிந்துவிடும். கிழக்கு கேலரி இவர்கள் கோட்டை. மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே அங்கே டிரம் சத்தம் ஆரம்பித்துவிடும். முதல் சீசன்களில் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய கூட்டமெல்லாம் வந்திருக்கிறது. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக மைதானத்தைச் சீர்படுத்தியபோது பாதுகாப்பு விதிகளால் இருக்கைகள் குறைந்துவிட்டன. ஆனாலும் இந்தியாவில் ஒரு கால்பந்து கிளப்புக்கு இப்படிக் கூட்டம் சேரும் ஊர் என்றால், கொல்கத்தாவுக்கு அடுத்து கொச்சிதான். கேலரியை அணியின் 12-வது ஆட்டக்காரராக மதித்து, 12-ம் எண் ஜெர்சியை யாருக்கும் கொடுக்காமல் ரசிகர்களுக்கே ஒதுக்கிவிட்டது கிளப்.

இத்தனை அன்புக்குப் பதிலாகக் கிடைத்தது மூன்று இறுதிப் போட்டிகள், மூன்று தோல்விகள்.

2014 டிசம்பர் 20, மும்பை. கொல்கத்தா அணியின் முகமது ரஃபீக் கடைசி நிமிடங்களில் அடித்த ஒரே கோல். 2016 டிசம்பர் 18, இதே கலூர். இந்த முறை கோல் அடித்தது கேரளத்தின் முகமது ரஃபி. ஸ்டேடியமே ஆடியது. கொல்கத்தா சமன் செய்து, பெனால்டியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் முன்னால். அன்று அழுத சிறுவர்கள் இன்று பைக் ஓட்டும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

2022 மார்ச் 20, கோவா. கொரோனாவால் பூட்டிக் கிடந்த கேலரிகள் திறந்து, ரசிகர்களை உள்ளே விட்ட நாள். கேரளத்திலிருந்து ரயில், பஸ், கார், பைக் என எல்லாவற்றிலும் கிளம்பினார்கள். அன்று மஞ்சள் ஜெர்சி போடும் உரிமை எதிரணியான ஹைதராபாத்துக்குப் போய்விட்டதால் பிளாஸ்டர்ஸ் கறுப்பு உடையில் ஆடியது. கேலரி மட்டும் பிடிவாதமாக மஞ்சளிலேயே வந்தது. முதலில் கோல் அடித்ததும் கேரளம்தான். 88-வது நிமிடம் வரை கோப்பை கையில் இருந்தது. பிறகு ஒரு கோல், பிறகு பெனால்டி, பிறகு வழக்கமான முடிவு. அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பைக்கில் புறப்பட்ட மலப்புரத்து இளைஞர்கள் இருவர் காசர்கோடு அருகே விபத்தில் இறந்துபோனார்கள். 'வெறும் விளையாட்டுதானே' என்ற வார்த்தையைக் கலூரில் யாரிடமும் சொல்லிவிட முடியாததற்கு இப்படியும் காரணங்கள் இருக்கின்றன.

*ஆசான் வந்தார்*

இங்கே பயிற்சியாளர் நாற்காலி முனிசிபல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி. யாரும் அதிக நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், ஸ்டீவ் கோப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், மறுபடியும் டேவிட் ஜேம்ஸ், நெலோ விங்கடா, எல்கோ ஷட்டோரி, கிபு விகுன்யா. முதல் ஏழு சீசன்களுக்கான பட்டியல் இது. இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை.

2021-ல் வந்த செர்பியாக்காரர் இவான் வுகோமனோவிச் மட்டும் தங்கினார். மலையாளிகள் அவரை 'ஆசான்' என்றார்கள். தமிழிலும் அதே சொல், அதே மரியாதை. வந்த முதல் வருடமே இறுதிப் போட்டி. தொடர்ந்து மூன்று சீசன்களும் பிளே ஆஃப்.

ஆசானுக்கும் கேலரிக்கும் முடிச்சு இறுகியது 2023 மார்ச் 3 அன்று, பெங்களூரில். நாக் அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை கோலுக்குள் தட்டிவிட்டார். நடுவர் கோல் என்று சொல்ல, வுகோமனோவிச் மொத்த அணியையும் மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், ஆசானுக்கு 10 போட்டிகள் தடை. விதிப்படி பார்த்தால் அவர் செய்தது தவறுதான். ஆனால், கொச்சி விமான நிலையத்தில் கிடைத்தது வெற்றி பெற்ற அணிக்கான வரவேற்பு. தங்களுக்காகக் கோபப்பட்ட ஒரு கோச்சை ரசிகர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

2024 ஏப்ரலில் கிளப்பும் ஆசானும் பிரிந்தார்கள். அடுத்து வந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த மிகாயெல் ஸ்டாரே.

தொடக்கம் என்னவோ அமர்க்களம்தான். டியூரண்ட் கோப்பையில் மும்பைக்கு எதிராக 8-0. வயநாடு நிலச்சரிவு நடந்து இரண்டே நாள் ஆகியிருந்த நேரம். கறுப்புப் பட்டை அணிந்து ஆடிய அணி, வெற்றியை அந்த மக்களுக்குச் சமர்ப்பித்தது. லீக் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். திருவோணத்தன்று சொந்த மண்ணில் முதல் ஆட்டம். ஸ்டேடிய ஊழியர்களும் ஓணம் கொண்டாட வேண்டும் என்பதால் பாதி டிக்கெட்டுகளே விற்கப்பட்டன. கடைசி நிமிடத்தில் பஞ்சாபிடம் தோல்வி. டிசம்பர் 7-ல் பெங்களூரில் 4-2 தோல்வி. ஹாட்ரிக் அடித்தது யார் தெரியுமா? அதே சேத்ரி, 40 வயதில்! அடுத்த வாரம் கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக 86-வது நிமிடம் வரை 2-1 என்று முன்னிலை. முடிவில் 2-3. மொத்தம் 12 ஆட்டங்களில் 7 தோல்விகள்.

டிசம்பர் 16-ல் ஸ்டாரே நீக்கப்பட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். கோச் மீதுதான் கோபம் என்றால், கோச் போனதும் பட்டாசு வெடித்திருக்க வேண்டுமே? கலூரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஸ்டாரே நீக்கப்படுவதற்கு முன்பே மஞ்ஞப்பட ஒரு முடிவெடுத்திருந்தது. இனி கிளப்பிடம் டிக்கெட் வாங்கப்போவதில்லை. ஆட்டக்காரர்களுக்கு ஆதரவு உண்டு, நிர்வாகத்துக்கு எதிராகப் போராட்டமும் உண்டு. ஸ்டாரே போன பிறகும் போராட்டம் தொடர்ந்தது.

இதை அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். 2018 டிசம்பரிலும் இதே கதை. அணி தோற்றுக்கொண்டே இருக்க, ரசிகர்கள் வராமல் இருந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான காலி இருக்கைகளோடு டி.வி-யில் தெரிந்த கலூரைப் பார்த்து நாடே ஆச்சர்யப்பட்டது. சில நாள்களில் டேவிட் ஜேம்ஸ் வெளியேறினார். வேறென்ன மாறியது? அடுத்த கோச் வந்தார், அவரும் போனார். கேலரி காலியானால் ஒரு கோச்சைக் காவு கொடுப்பது என்பது கிளப்பின் வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கு ஆறு வருடம் கழித்து ரசிகர்களிடம் செல்லவில்லை.

*விற்ற கணக்கு*

டீக்கடையில் கட்டன் சாயாவும் பழம்பொரியுமாக உட்கார்ந்திருக்கும் எந்த பிளாஸ்டர்ஸ் ரசிகரிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரு பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பார். 2023-ல் கண்ணூர்ப் பையன் சஹல் அப்துல் சமத் மோகன் பகானுக்குப் போனார். அதே வருடம் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் ஈஸ்ட் பெங்காலுக்கு. 2024-ல் ஜீக்சன் சிங், அவரும் ஈஸ்ட் பெங்காலுக்கு. ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அவர். முந்தைய சீசனில் 13 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கிய டயமன்டகோஸும் அங்கேயே. 'இத்தனை பேரை அனுப்பிவிட்டு, ஒரு ஸ்வீடன்காரரைக் கூட்டிவந்து ஜெயித்துக் காட்டு என்றால் எப்படி?' என்பதுதான் கேலரியின் கேள்வி.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஐ.எஸ்.எல். கிளப் நடத்துவது லாபத் தொழில் இல்லை. ஆட்டக்காரரை நல்ல விலைக்கு விற்று, அடுத்த தலைமுறையை வளர்ப்பது உலகமெங்கும் கிளப்புகள் செய்வதுதான். ஆனால், விற்ற இடத்தில் ஆள் வர வேண்டும். அது வராதபோது, 90 நிமிடமும் தொண்டை வற்றக் கத்துகிறவனுக்குத் தன்னை வெறும் வாடிக்கையாளராகப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். வாடிக்கையாளன் செய்யக்கூடியது ஒன்றுதான், வாங்காமல் இருப்பது. மஞ்ஞப்பட அதைத்தான் செய்தது. டிரம்மோடு வளர்ந்த பையனுக்கு மேட்ச் நாளில் டிக்கெட் எடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது, தைப்பூசத்துக்குப் பழனி போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியும்.

ஸ்டாரே போன பிறகு மலையாளியான டி.ஜி.புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பேற்றார். டிசம்பர் 22-ல் கலூரில் முகமதன் அணியை 3-0 என்று வென்றார்கள். புதிய ஆண்டில் ரசிகர்களின் பிரதிநிதிகளைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாக கிளப் அறிவித்தது. மார்ச்சில் ஸ்பெயினின் டேவிட் கட்டாலா அடுத்த கோச்சாக அறிவிக்கப்பட்டார். 13 அணிகள் ஆடிய அந்த லீக்கில் பிளாஸ்டர்ஸுக்குக் கிடைத்தது 8-வது இடம்.

நம் சென்னையின் எஃப்.சி. அந்த சீசனில் அதைவிடக் கீழே முடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனைக்கும் சென்னை இரண்டு முறை கோப்பை வென்ற அணி. கொச்சியில் 3-0, சென்னையில் 3-1 என இரண்டு ஆட்டங்களிலும் பிளாஸ்டர்ஸிடம் தோற்றது. பெரியமேட்டில் இருக்கும் நம் ஸ்டேடியத்துக்கும் ஜவஹர்லால் நேரு பெயர்தான். கோப்பையே வாங்காத அணிக்காகக் கொச்சியில் சண்டை போடுகிறார்கள். கோப்பை வாங்கிய அணிக்கு இங்கே அந்தக் கூட்டத்தில் பாதிகூட வருவதில்லை.

பிளாஸ்டர்ஸ் சென்னைக்கு ஆட வரும் நாளில் மட்டும் சென்ட்ரலில் இறங்கி மஞ்சள் சட்டைகள் பெரியமேடு பக்கம் நடந்து போவதைப் பார்க்கலாம். போகிற வழியெல்லாம் தங்கள் கிளப்பைத் திட்டிக்கொண்டேதான் போவார்கள்.