பினாங்கில் நான்கு நாட்கள்

டிசம்பர் விடுமுறைக்குப் பினாங்கு சென்று வருவதென்று முடிவான அன்றே எங்கள் வீட்டில் ஒரு வழக்கு ஆரம்பமாயிற்று. எழுபத்தேழு வயதான என் தாயாரை உடன் அழைத்துச் செல்வதா, தங்கையின் வீட்டில் விட்டுச் செல்வதா என்பதே அவ்வழக்கு. அவர் முழங்கால் நோவுடையவர். மச்சம் மாமிசம் தொடாதவர். "தெருத் தெருவாக நடந்து, கடை கடையாகச் சாப்பிடப் போகிற ஊருக்கு மாமியை அழைத்துச் சென்று என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றாள் என் மனைவி. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அம்மாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரத இலாகாவில் எழுதுவினைஞரானோர் அநேகர். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். 1956ஆம் ஆண்டில் இளைப்பாறிய அவர், குடும்பத்துடன் பினாங்குத் துறைமுகத்திலே கப்பலேறி ஊர் திரும்பினார். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. கப்பலேறுமுன் தெருவோரக் கடையொன்றில் தகப்பனார் சுடச்சுட அப்பம் வாங்கி இலையில் வைத்துக் கொடுத்தது மாத்திரம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அந்த ஊரை இன்னொருமுறை பார்த்தாற் போதும்" என்றார். வழக்கு அத்துடன் தீர்ந்தது.

பார்க்கவேண்டிய இடங்களையெல்லாம் எழுதித் திட்டம் வகுத்தவன் நான். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் பினாங்குத் தீவிலே துறைமுகம் அமைத்தார். அங்கே எழுந்த ஜோர்ஜ் டவுன் நகரம் 2008ஆம் ஆண்டில், மலாக்காவுடன் சேர்த்து, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டை, கோயில், பள்ளிவாசல், சீனர் குலமனைகள், கடல்மேற் கால் நாட்டிய வீடுகள், சுவரோவியங்கள் என்று நாளொன்றுக்குப் பன்னிரண்டு இடங்களை நிரப்பினேன். சாப்பாட்டுக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. நடக்கும் வழியிலே கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன்.

கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்திலும், அங்கிருந்து பட்டர்வொர்த் வரை மின்சாரப் புகையிரதத்திலும் சென்றோம். புகையிரதப் பிரயாணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பட்டர்வொர்த் நிலையத்துக்கு அருகிலேயே படகுத்துறை இருக்கிறது. 1985ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும்வரை பெருநிலத்திலிருந்து வாகனங்களும் படகிலேயே தீவுக்குச் சென்றன. இன்று பாலங்கள் இரண்டு உண்டு. எனினும், முதன்முறை செல்வோர் படகிற் செல்வதே நன்று. கடலுக்கப்பால் ஊர் சிறிது சிறிதாகப் பெரிதாகி வருவதைப் பார்த்துக்கொண்டு அம்மா ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்.

முதல் நாளிலேயே என் திட்டம் தோற்றது. அந்நகரின் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை உண்டு. அதனை அங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்பர். வெயிலுக்கும் மழைக்கும் நல்ல ஒதுக்கிடந்தான்; ஆனால், கடைக்குக் கடை தளம் ஏறியும் இறங்கியும் இருப்பதால், முழங்கால் நோவுள்ளவருக்கு அது மலையேற்றம். நான்காவது இடத்திலேயே அம்மா ஒரு வாசற்படியில் அமர்ந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்குப் பசியுடன் ஓர் உணவுக்கடையைத் தேடிச் சென்றால், பானை மத்தியானமே காலியாகிவிட்டதென்று கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிணுங்கினர். இரவில் அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. "நாளைக்கு நான் அறையிலே இருக்கிறேன்; நீங்கள் போய்வாருங்கள்" என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாயிருந்தது. அவருக்காகவே வந்த ஊரில் அவரை அறையில் விட்டுச் செல்வதா? அன்றிரவே என் தாளைக் கிழித்தேன்.

மறுநாட் காலையில் விடுதிக்காரர் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். பினாங்கின் தெருவுணவு பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரு பண்டம், ஒரு பண்டத்துக்கு ஒரு குடும்பம் என்ற முறையில் நடப்பது. காலையில் மாத்திரம் விற்போர் வேறு; இருட்டிய பின்னர் தள்ளுவண்டியை நிறுத்துவோர் வேறு. சமைத்தது தீர்ந்தால் கடை மூடப்படும். வாரத்தில் எந்நாள் ஓய்வு என்பதும் அவரவர் விருப்பம். ஆகவே, உணவின் நேரத்தை முதலில் எழுதி, காட்சிகளை அவற்றின் இடையிலே வைக்கவேண்டும். காலையில் இரண்டு இடம், மாலையில் ஒரு இடம், வெயில் கடுமையான பிற்பகலில் ஓய்வு. இதுவே எங்கள் புதிய திட்டம். அம்மாவின் நடைக்கு ஏற்ற அளவு அது. எங்களுக்கும் அதுவே ஏற்றதென்பது போகப் போகத் தெரிந்தது.

இரண்டாம் நாட் காலை ஒரே தெருவுக்குச் சென்றோம். முன்னர் பிட் தெரு எனப்பட்ட அது, இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரால் வழங்குகிறது. 1818ஆம் ஆண்டிற் கட்டிய புனித ஜோர்ஜ் தேவாலயம், சீனர் வணங்கும் கருணைத் தேவி குவான் யின் ஆலயம், தென்னிந்திய முஸ்லிம்கள் 1801ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளிவாசல் ஆகியவை அத்தெருவிலே உள்ளன. 1833ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயில் பக்கத்துக் குயின் தெருவில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று சில நிமிஷ நடைதான். ஊதுபத்திப் புகை சூழ்ந்த சீனர் ஆலய வாசலில் நின்று அம்மா கைகூப்பினார்.

பின்பு உணவு. அங்கே கோப்பிக்கடையில் ஓர் ஒழுங்கு உண்டு. கடையின் சொந்தக்காரர் கோப்பி, தேநீர் முதலிய பானங்களை விற்பார். உணவு விற்போர் அவரிடம் இடம் வாடகைக்குப் பெற்றவர்கள். ஆதலால், மேசையில் அமர்ந்ததும் ஆளுக்கொரு பானம் வாங்குவது மரியாதை. உணவையோ ஒரு தட்டம் வாங்கி நால்வர் பகிரவேண்டும். முதற் கடையிலேயே வயிற்றை நிரப்பினால் மற்றக் கடைகளை வேடிக்கை பார்க்கவேண்டியதுதான்.

'சார் குவே தியாவ்' என்பது தட்டையான அரிசி நூடில்ஸை இறால், மட்டி, பயற்றமுளையுடன் கொழுந்துவிடும் நெருப்பிலே தாச்சியிலிட்டுப் பிரட்டியெடுப்பது. 'அசாம் லக்சா' என்பது மீனும் புளியும் சேர்ந்த குழம்பில் நூடில்ஸும் அன்னாசியும் புதினாவும் இட்டது. ஒடியற் கூழிற் பழகிய நாவுக்கு அது அந்நியமன்று. 'நாசி கந்தார்' தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். ஒரு தடியின் ஒரு தலைப்பிற் சோறும் மறுதலைப்பிற் கறிகளுமாகத் தோளிற் காவிச் சென்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதனால் வந்த பெயர் அது. 'செண்டோல்' என்பது றம்பை மணக்கும் பச்சை மாவிழைகளைத் தேங்காய்ப்பாலிலும் கருப்பட்டிப் பாகிலும் மிதக்கவிட்டு, சீவிய பனிக்கட்டியிட்டுத் தருவது. என் மகன் அதனை மூன்று நாளும் கேட்டான்.

சைவ உணவினர் சில விஷயங்களை அறிந்து செல்வது நலம். மரக்கறி என்று தோன்றும் பண்டத்திலும் 'பெலாச்சான்' என்னும் அரைத்த இறாற் கூட்டு கலந்திருக்கலாம்; சீனர் கடைகளிற் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு. கேட்டுத் தெளிந்த பின்னரே வாங்கவேண்டும். பௌத்த சீனருட் பலர், நம்மவர் அமாவாசை, பௌர்ணமியில் விரதம் பிடிப்பதுபோல, தங்கள் மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களில் மரக்கறியே உண்பர். ஆகவே, சீனர் சைவக் கடைகள் அங்கே பல. தமிழ்க் கடைகள் நிறைந்த வீதிகளில் இட்டலி, தோசைக்கும் குறைவில்லை.

மூன்றாம் நாட் காலையில், நகருக்குச் சற்று வெளியே உள்ள புலாவ் திக்குஸ் பகுதிக்குச் சென்றோம். தெருவோரத்திலே ஒரு தமிழர் கரியடுப்புகளைப் பரப்பி, சிறு சட்டிகளில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். மலாய்க்காரரும் சீனரும் 'அப்பொம்' என்று கேட்டு வாங்கினர். முட்டை சேராததா என்று விசாரித்து அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன். அவர் பிட்டு வாயிலிட்டு, சற்றுநேரம் கண்ணை மூடியிருந்தார். "இது அது இல்லை, தம்பி. அது இன்னும் மெல்லிசு" என்றார். பிறகு, "இருந்தாலும் நன்றாயிருக்கிறது, இன்னுமொன்று வாங்கு" என்றார். எங்களை அவசரப்படுத்துவதற்கு அன்று வேறு இடம் எதுவும் இருக்கவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். தகப்பனாரைப் பற்றி அவர் அதுவரை சொல்லாத கதைகளைப் பிள்ளைகள் அன்று கேட்டனர்.

நான்காம் நாள் ஆயர் ஈத்தாமுக்கு. 1923ஆம் ஆண்டிலே தொடங்கிய மலைப்புகையிரதம் 2011ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்பட்டது. சில நிமிஷங்களில் உச்சிக்குக் கொண்டுசெல்கிறது. மேலே குளிர்ந்த காற்று; முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. மலையடிவாரப் பக்கத்திலுள்ள கெக் லோக் சீ பௌத்த ஆலயத்திலும் சாய்வு மின்தூக்கி இருப்பதால் அம்மா சிரமமின்றிப் பார்த்தார்.

காலத்தையும் கவனித்துச் செல்லவேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. டிசம்பர் பிற்பகுதி முதல் பெப்ரவரி வரை நல்லது. சீனப் புத்தாண்டிற் சீனர் கடைகள் பல பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பல பகலிற் திறவா. தைப்பூசத்தில் ஊர் நிறைந்திருக்குமாதலால் விடுதியை முன்னதாகவே ஒழுங்குசெய்க. அடுப்படியில் நிற்போருட் பலர் முதியவர்கள். உள்ளூர்ச் சுவை மாறிவிடுமோ என்ற கவலையால், 2016ஆம் ஆண்டு முதல் இப்பண்டங்களை அந்நியநாட்டார் சமைத்து விற்பதைப் பினாங்கு அரசு தடைசெய்திருக்கிறது. செல்ல எண்ணுவோர் காலந்தாழ்த்தாதிருப்பது நன்று.

நான் எழுதிய இடங்களில் எத்தனையோ பார்க்கப்படவில்லை. ஆயினும், எங்கள் வீட்டில் அதைப்பற்றி எவரும் குறைப்படவில்லை. குடும்பத்தோடு பிரயாணம் செல்வோர், தம்முள் மிக மெதுவாக நடப்பவர் எவரோ அவரை மனத்தில் வைத்துத் திட்டம் வகுப்பாராக. மற்றவர்களுக்கு அதனால் நட்டமொன்றுமில்லை.