மஞ்சாடிச் சிவப்பு

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய்க்குச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு விலகி, தம்போய்ப் பக்கத்தில் தகரக் கூரைகள் நெருங்கி நிற்கும் ஒரு சிறு தொழிற்பேட்டைக்குள் என் நண்பரின் பழைய கார் நுழைந்தபோது, அங்கே வரிசையில் நின்ற வண்டிகளில் பல சிங்கப்பூர் எண்பலகை தாங்கியிருந்தன. நீரிணைக்கு அப்பால் ஆகும் செலவை உத்தேசித்து, ஒடுக்கெடுக்கவும் சாயம் அடிக்கவும் பாலம் கடந்து இங்கு வருகிறவர்கள் அநேகர் என்று நண்பர் சொன்னார். பட்டறை வாசலில் ‘கெத்தோக் டான் சாட்’ என்று மலாய்ப் பலகை தொங்கியது. தட்டுவதும் சாயம் பூசுவதும் என்பது பொருள். உள்ளே நடப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

நாங்கள் கொண்டுபோனது 1987-இல் நண்பரின் தகப்பனார் வாங்கிய ப்ரோட்டோன் சாகா. மிட்சுபிஷி லான்சரை ஆதாரமாகக் கொண்டு, 1985 ஜூலை 9-ஆம் தேதி மலேசியாவின் முதல் சுதேசிக் காராக வெளிவந்த அந்த வம்சத்தில் இதுவும் ஒன்று. ஒருகாலத்தில் சிவப்பாயிருந்த இதன் முகப்பு மூடி, பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கேயுள்ள வெயிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காய்ந்து, மழையில் ஊறிய செங்கற்பொடியின் நிறத்துக்கு வந்திருந்தது. “எனக்கு அசல் சிவப்பு வேண்டும்” என்பதே நண்பரின் ஒரே கோரிக்கை.

பட்டறை மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். குளாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய தாய் தந்தையருக்குப் பிறந்து, பதினைந்து வயதில் மணல்தாள் பிடித்த கை. அவர் எதுவும் பேசாமல் ஒரு துணியில் மெருகுப் பசையைத் தொட்டு முகப்பு மூடியில் நாலு தேய்ப்புத் தேய்த்துக் காட்டினார். துணி இரத்தம் பட்டாற்போல் சிவந்தது. மேலே கண்ணாடிப்பூச்சு இல்லாமல் ஒரே அடுக்காக அடித்த அக்காலத்துச் சாயத்தில், வெயில் முதலில் பிசினை அரித்து வெண்பொடியாக்கும். பிறகு நிறமிகளின் அணுக்கட்டையும் முறிக்கும். சிவப்பு நிறமிகளிற் பல இந்தச் சோதனையில் சீக்கிரம் தோற்பவை. பின்பு அவர் கதவைத் திறந்து, விளிம்பின் ரப்பர் பட்டையை விரலால் நெம்பினார். சூரியனையே காணாத ஓர் அங்குல இடத்தில், 1987-ஆம் வருஷத்துச் சிவப்பு அப்படியே இருந்தது.

“இதுதானுங்களே வேணும்?” என்றார் மேஸ்திரி.

நண்பர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இல்லை. இது இருட்டாக இருக்கிறது. அப்பா வாங்கி வந்தது இன்னும் பளிச்சென்று இருந்தது.”

“சிவப்புன்னு சொன்னாப் பத்தாதுங்க ஐயா. மஞ்சப் பக்கம் சாயுதா, நீலப் பக்கம் சாயுதா, அதைச் சொல்லணும்.”

குங்குமம், செம்பருத்தி, பவளம், மாதுளை, அரக்கு என்று நாம் வாய்க்கு வந்தபடி அடுக்கும் பெயர்களுக்கெல்லாம் அடியில், இப்படி இரண்டே திசைகள் இருக்கின்றன என்பதும், எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பதையே அவர் அசல் என்று கருதுகிறார் என்பதும் எனக்கு அப்போதுதான் புலனாயிற்று. அந்த நடுவை எதை வைத்து நிச்சயிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு பழைய பிஸ்கோத்து டின்னைத் திறந்து, அதிலிருந்து ஒரு விதையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சாடி! குன்றிமணிக்குள்ள கரும்புள்ளி இல்லாமல், முழுவதும் சிவந்து, இருபுறமும் புடைத்த அழுத்தமான விதை. மலாய்க்காரர்கள் இதைத்தான் சாகா என்கிறார்கள்; இந்தக் காருக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்துதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் சிறுவயதில் பொறுக்கியதாம். ஐம்பது வருஷமாக நிறம் மாறவில்லை என்றார்.

நம் பொற்கொல்லர்கள் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பொன்னை நிறுத்தது இதே விதையால்தான் என்று நான் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே தம் மின்தராசைக் காட்டினார். ஏறத்தாழ நாலு விதை ஒரு கிராம். தராசோ கிராமில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும். கம்பெனிச் சூத்திரப்படி மூல வர்ணங்களை முதலில் நிறுத்து ஊற்றிவிட்டு, அதற்குமேல் அவர் செய்ததெல்லாம் அரை மஞ்சாடிக்கும் குறைந்த அளவில், சொட்டுச் சொட்டாகச் செய்த திருத்தங்கள். நிறத்தைக் கம்மியாக்க வெள்ளையைத் தொட்டால் அது ரோஜா நிறமாகிவிடும். இருளாக்கக் கறுப்பைத் தொட்டால் செம்மண் சேறாகிவிடும். ஆகவே சிவப்பைச் சிவப்பாலேயே திருத்த வேண்டுமென்பது அவர் சித்தாந்தம். இன்றைய கார்ச் சிவப்புகளிற் பலவற்றுக்கு மூலமான நிறமி, 1974-இல் அமெரிக்க வேதியியலாளர் ஒருவர் வேறொரு பொருளைச் செய்ய முயன்று தவறியபோது தற்செயலாகக் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் சிபா-கெய்கி நிறுவனம் 1980-களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவர, ஃபெராரிச் சிவப்பு என்ற பட்டப்பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. வெயிலைத் தாங்குவதில் பழைய சிவப்புகளை அது வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட அட்டைகளின்மேல் ஒவ்வொரு கலவையையும் அவர் அடித்துப் பார்த்தார். மூன்று பூச்சுக்குப் பிறகும் அடியிலிருந்த கட்டங்கள் மங்கலாய்த் தெரிந்தன. பளிச்சென்ற சிவப்புகள் பலவும் இப்படி ஒளி ஊடுருவுபவை. அடியை மறைக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. ஆகையால் அடிப்பூச்சைச் சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். இல்லையேல் ஒரே டப்பாச் சாயம் கதவில் ஒரு நிறமாகவும் முகப்பில் வேறு நிறமாகவும் நிற்கும். உதவிக்கு நின்ற வங்கதேசத்து இளைஞன் முகமூடி அணியாமல் துப்பாக்கியை எடுத்தபோது மட்டும் மேஸ்திரி குரலை உயர்த்தினார். கெட்டிப்படுத்தும் திரவத்திலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுக்கும். இளமையில் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டே வேலை பார்த்ததாகச் சொன்ன அவர் பேச்சினிடையே அடிக்கடி இருமினார்.

குழல்விளக்கின் கீழ் மஞ்சாடியோடு இரட்டைப் பிறவிபோல் இருந்த அட்டை, வாசலுக்கு வந்ததும் ஆரஞ்சுப் பக்கம் நழுவியது. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரு சிவப்புகள் ஒரு வெளிச்சத்தில் ஒத்தும் மறு வெளிச்சத்தில் பிரிந்தும் போவது இயல்பே. மீண்டும் கலந்தார். நாலு மணிக்கு மழை மேகம் கவிந்தது. ஈரக்காற்றில் சாயம் பனி படர்ந்தாற்போல் வெளுக்கும் என்று கோப்பையை மூடிவிட்டார். மழை விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. எதிரே வாழையிலை இன்னும் பச்சையாகத் தெரிய, அட்டைகள் மூன்றும் ஒரே கறுப்பாகிவிட்டன. மங்கிய ஒளியில் கண்ணுக்குச் சிவப்பே முதலில் இருளும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புர்கின்யே என்ற செக் அறிஞர் கண்டெழுதியிருக்கிறார். மேஸ்திரி அவரைக் கேள்விப்பட்டதில்லை, “சாயங்காலம் சிவப்பு பார்க்கக் கூடாதுங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, மூன்றாவது அட்டையின்மேல் அவர் விதையை வைத்தபோது அதன் விளிம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரப்பர் பட்டைக்கடியில் கண்ட நிறமும் அதுவே. எனக்குக் கைதட்டத் தோன்றியது. நண்பரோ மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சற்றே மஞ்சள் சாய்ந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

“இதுதான். அப்பா வாசலில் கொண்டுவந்து நிறுத்தினபோது இதுதான்.”

மேஸ்திரி ஒருகணம் கதவு விளிம்பைப் பார்த்தார். “சரிங்க, இதையே அடிச்சிடுவோம்” என்று சொல்லி, பையனைக் கூப்பிட்டு இரண்டாவது கலவையில் இரண்டு லிட்டர் நிறுக்கச் சொன்னார். பிறகு மூன்றாவது அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் அளவுகளைக் குறித்து, மஞ்சாடியோடு சேர்த்துப் பிஸ்கோத்து டின்னுக்குள் வைத்து மூடினார்.