மேகம் 'மகேம்' ஆன கதை

எங்கட ஊர் வாசிகசாலைக்கு ஒரு மென்பொருள் செய்து தாறம் என்று நாங்கள்தான் வலியப் போய்ச் சொன்னோம். யாரும் கேட்கவில்லை. அங்கே பொறுப்பாக இருக்கிற அக்கா இருபது வருசமாகக் கொப்பியில்தான் எழுதிவருகிறா. எந்தப் புத்தகம் யாரிடம் போனது, எப்போது திரும்பியது, எல்லாம் அதற்குள்தான். இருப்பது இரண்டு பழைய கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 7, மற்றதில் லினக்ஸ். இரண்டிலும் ஓடவேண்டும்.

நாங்கள் நாலு பேர். எல்லோருக்கும் பைதன் தெரியும். சாளரம், பொத்தான், பட்டியல் எல்லாம் வரைய டிகின்டர் பைதனோடேயே வருகிறது. வேறு என்ன இருக்கென்று நாங்கள் தேடவேயில்லை. மூன்று வாரம் இரவிரவாக எழுதினோம். எங்கட மடிக்கணினிகள் எல்லாம் விண்டோஸ். அதில் வடிவாய் வந்தது.

வாசிகசாலையில் லினக்ஸ் கணினியில் திறந்த அன்று, அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தா.

"தம்பியவை, இதென்ன 'மகேம்'?"

அது ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தின் பெயரில் வந்த 'மேகம்'. கணினிக்குள் முதலில் 'ம', அதற்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது யாரோ அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும். விண்டோஸில் அதை இயங்குதளமே செய்துவிடுகிறது. லினக்ஸில் நாங்கள் பாவித்த டிகின்டர் அப்படிச் செய்யவில்லை. எழுத்துக்களைச் சேமித்த வரிசையிலேயே வரைந்தது. கொம்பு பக்கத்து 'க'வோடு போய் ஒட்டிக்கொண்டது.

"சின்னப் பிள்ளையள் இதைப் பார்த்தெல்லோ எழுத்துப் பழகப்போகுதுகள்" என்றா அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கொப்பியைத் திரும்பவும் கிட்ட இழுத்து வைத்தா. எங்களுக்கு அதுதான் சுட்டது.

அன்றிரவு முதல்முறையாக ஒழுங்காக இருந்து யோசித்தோம். ஒருவன் இலெக்ட்ரோன் என்றான். தமிழ் நன்றாக வரும், ஆனால் ஒவ்வொரு செயலியும் ஒரு முழு உலாவியைச் சுமந்துகொண்டு வரும். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினி பாவம். டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே பாவிக்கும், லினக்ஸில் ஜிடிகே வழியாக. ஜிடிகே லினக்ஸில் அருமை, விண்டோஸில் பொதிசெய்து கொடுப்பதுதான் கரைச்சல். மிச்சம் க்யூட். அது பொத்தான்களைத் தானே வரைகிறது. எழுத்தை ஒழுங்காக அடுக்க ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பாவிக்கிறது.

"க்யூட்டுக்குக் காசு கட்ட வேணுமாமே?" என்ற கேள்வியும் வந்தது. அது பழைய சண்டை. 1996 இல் கேடிஈ க்யூட்டின் மேல் கட்டப்பட்டபோது அதன் உரிமம் முழுச் சுதந்திரமாக இருக்கவில்லை. அதற்கு மாற்றாகத்தான் 1997 இல் க்னோம் தொடங்கியது. ஜிம்ப் என்ற படக்கருவிக்காக எழுதிய ஜிடிகேயை அது எடுத்துக்கொண்டது. 2009 இலிருந்து க்யூட் எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. பைதனுக்குள் பைக்யூட் ஜிபிஎல் அல்லது காசு, பைசைட் எல்ஜிபிஎல். நாங்கள் பைசைட் எடுத்தோம். க்யூட் 6 விண்டோஸ் 7 இல் ஓடாது என்பதால் க்யூட் 5.

இந்தமுறை நிரல் எழுதமுதல் ஒரு வெறும் சாளரம் மட்டும் செய்தோம். அதில் 'மேகம், கொடி, கௌதாரி, ஸ்ரீ' என்று நாலு சொல். பென்ட்ரைவில் கொண்டுபோய் இரண்டு கணினியிலும் திறந்து, அக்காவை வாசிக்கச் சொன்னோம். வாசித்தா. பிறகுதான் மிச்ச வேலை தொடங்கியது.

பழைய நிரலில் தரவுத்தளப் பகுதி மட்டும்தான் தப்பியது. மற்றதெல்லாம் குப்பைக்கு. அக்கா இப்போது கணினியிலும் பதிகிறா, கொப்பியிலும் எழுதுகிறா. கொப்பியை விடச்சொல்லி நாங்கள் இன்னும் கேட்கவில்லை.

நீங்களும் உங்கட ஊருக்கு ஏதும் செய்யப்போறீங்கள் என்றால், முதல் நாளே 'மேகம்' என்று எழுதிப் பாருங்கோ. உங்கட கணினியில் இல்லை, அவையின்ர கணினியில்.